கோபால்ட் அறையை லினாக் அறையாக்கும் டர்ன்கீ சேவை: எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை தரும் பழைய கோபால்ட் மெஷினை எடுத்துவிட்டு, மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் லினாக் வைக்க முடிவானதும், இடிப்பு முதல் ஏசி வரை மொத்தமாக முடித்துத் தரும் டர்ன்கீ சேவையைத்தான் பல மருத்துவமனைகள் தேடுகின்றன. சுவர் வேலைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். தூசிக் கட்டுப்பாட்டையும் கோபால்ட் அகற்றுவதையும் அதே ஒப்பந்தத்தில் அடைப்பது தவறு.

சுவர் ஏன் பெரிய வேலை? கோபால்ட் கதிரைப் பத்தில் ஒரு பங்காக்க ஏறக்குறைய 21 செ.மீ. கான்கிரீட் போதும். 6 எம்.வி. (மெகாவோல்ட், கதிரின் ஆற்றல் அளவு) லினாக்குக்கு முதல் தடவை 37, பிறகு ஒவ்வொரு தடவையும் 33 செ.மீ. ஆறு தடவை குறைக்க அங்கே 126 செ.மீ., இங்கே 202. கூடுதல் 76 செ.மீ.யை உள்பக்கம் கட்டினால் சிகிச்சைப் படுக்கை திரும்பவே இடம் இருக்காது. எஃகுத் தகடு என்றால் சுமார் 23 செ.மீ.யில் முடியும், அந்த எடையைத் தரை தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் எழுத்தில் தர வேண்டும். 10 எம்.வி.க்கு மேல் போனால் உலோகத்திலிருந்து நியூட்ரானும் கிளம்பும். அதற்கு வெளியே போதிய கான்கிரீட் நிற்க வேண்டும். அனுபவமுள்ள குழுக்கள் இதையெல்லாம் சரியாகவே செய்கின்றன.

சறுக்கல் சின்ன விஷயங்களில்தான். 15 செ.மீ. கான்கிரீட் மாதிரிக் க்யூபை உடைத்து வலிமை பார்ப்பார்கள், எடை பார்க்கமாட்டார்கள். கதிரைத் தடுப்பது அடர்த்தி. கணக்கு 2.35 அடர்த்தியில் போட்டிருந்தால் க்யூப் 7.9 கிலோ இருக்க வேண்டும். உடைக்கும் முன் தராசில் வைக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் வார்க்கும் ஷட்டரிங் பலகைகளை இறுக்கச் சுவருக்குள் விடும் பி.வி.சி. குழாய்கள் நேர்கோட்டு ஓட்டையாக நின்றுவிடும். கதிர் அளவைப் பார்க்கும் மெடிக்கல் பிசிசிஸ்ட்டின் அளவீட்டுக் கேபிளுக்கான குழாயோ பெரும்பாலும் மறந்தே போகும். அது நேர்க்கதிர் படாத சுவரில், சாய்வாகப் போக வேண்டும்.

தூசிக்குத் தருவது மூங்கிலில் கட்டிய தார்ப்பாய். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே அது திறந்தே கிடக்கும். இடிப்புத் தூசியில் வரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை, கீமோவில் வெள்ளையணு குறைந்தவர்களின் உயிரையே எடுக்கக்கூடியது. தளத்திலிருந்து மேல் ஸ்லாப் வரை அடைத்த தடுப்பு, தூசி வெளியே கசியாதபடி வேலையிடத்தில் எதிர்மறை அழுத்தம், மூடிய தள்ளுவண்டி, இடிபாட்டுக்குத் தனி லிஃப்ட். இவற்றைத் தனி ஒப்பந்தமாக்கி, தொற்றுத் தடுப்புக் குழுவின் கையில் வேலையை நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுங்கள்.

மெஷினுக்குள் கதிர் வீசும் கோபால்ட் மூலத்தை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏ.இ.ஆர்.பி. அனுமதியோடு, அங்கீகாரம் பெற்றவர்கள்தான் எடுக்க வேண்டும். சில மெஷின்களின் தலையில் கதிர்த் தடுப்பாக யுரேனியமும் உண்டு. இவற்றை எடுக்கும் முன் கடப்பாரை அந்த அறைக்குள் நுழையக்கூடாது. 2010-இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்குப் போன கோபால்ட் கருவி ஓர் உயிரைக் கொண்டுபோனது.

கடைசித் தவணையைக் கதிர் சர்வே வரை பிடித்து வையுங்கள். லினாக்கின் சுழலும் கையான கான்ட்ரியை 90, 270 டிகிரியில் நிறுத்தி, கதிரை முழு அகலத்துக்குத் திறந்து (முழு ஃபீல்டில்), நோயாளிக்குப் பதில் வைக்கும் ஃபான்டம் இல்லாமல், ஒவ்வொரு ஷட்டரிங் ஓட்டைக்கு வெளியிலும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செக் கொடுக்க வேண்டும்.