குட்டி நாய்க்கு ‘டெலோமியர் சான்றிதழ்’ விற்கிறார்கள், பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

கோவையில் பெரிய ரக நாய்க்குட்டி வாங்கியிருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். செல்லுக்குள் இருக்கும் டெலோமியர் என்ற ஒன்றை அளந்து, நாய் எத்தனை வருடம் வாழும் என்று சொல்வதாகச் சான்றிதழ் விற்கிறார்கள். அதில் எனக்குப் பணம் போனது. அதைவிட, குட்டியின் காலில் கோளாறு வந்துவிட்டது.

போன ஆவணியில் ஒன்பது வாரக் கிரேட் டேன் குட்டி ஒன்றை வாங்கினோம். பீமா என்று பெயர் வைத்தோம். தடுப்பூசிக்கும் குடற்புழு மருந்துக்கும் வாங்கிய இடத்துக்கே போய்க்கொண்டிருந்தோம். ஒருநாள் கடைக்காரர், “அண்ணா, டேன் எல்லாம் எட்டு வருசம் தாண்டுறதே கஷ்டமுங்க. டெலோமியர் டெஸ்ட் எடுத்துட்டா எத்தனை வருசம் இருக்கும்னு தெரிஞ்சிரும். கம்மியா வந்தா அதுக்கு மாத்திரை இருக்குதுங்க” என்றார். என் மகள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு யோசிக்கத் தோன்றவில்லை. 8,500 ரூபாய் கட்டினேன்.

பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் ஒரு இழுப்பு, அவ்வளவுதான் சோதனை. ஐந்து நிமிடம் முன்புதான் பீமா கோழிச்சோறு தின்றிருந்தான். குச்சியில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. மூன்று வாரம் கழித்து வழவழப்பான தாளில் சான்றிதழ் வந்தது: ‘எதிர்பார்க்கும் ஆயுள் 13 ஆண்டு 4 மாதம்’. கூடவே மாத்திரை, அப்புறம் ‘எலும்பு கனமாக, சீக்கிரம் வளர’ ஒரு கால்சியம் பவுடர், டப்பா 1,400 ரூபாய். மூன்று டப்பா கொடுத்தோம்.

ஆறாம் மாதம் பீமாவின் முன்கால் மணிக்கட்டுகள் எலுமிச்சம்பழம் போல வீங்கின. இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியது. படி ஏறச் சொன்னால் கீழேயே படுத்துக்கொள்வான். வேறு ஒரு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அந்த அம்மா எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை, முதலில் டப்பாவைக் கேட்டார். பின்பக்கம் படித்துப் பார்த்துவிட்டு, “இதை இன்னையோட நிறுத்திடுங்க சார்” என்றார்.

காரணத்தையும் விளக்கினார். சின்னக் குட்டியின் குடலுக்கு, வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. கொடுத்ததில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் டேன் குட்டிகளை வைத்தே இதைச் சோதித்தார்கள். கால்சியம் மிகுதியாகக் கொடுத்த குட்டிகளுக்கு எலும்பு வளர்ச்சி கெட்டது.

அங்கே காத்திருந்த ஒருவர் தன் லாப்ரடாருக்கு அதே கடையில் வாங்கிய சான்றிதழை போனில் காட்டினார். 13 ஆண்டு 4 மாதம். டெலோமியர் நீளம் என்று போட்டிருந்த எண்ணும் அதேதான், புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கம் வரை. எனக்குக் கை நடுங்கியது.

டெலோமியர் பொய்யல்ல, அதனால்தான் இந்த ஏமாற்று எடுபடுகிறது. தாம்புக்கயிறு பிரியாமல் நுனியில் முடிச்சுப் போடுகிறோமே, செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழையான குரோமோசோமின் நுனிக்கு டெலோமியர் அப்படி. செல் இரண்டிரண்டாகப் பிரியப் பிரிய அது குறையும். இந்த ஆராய்ச்சிக்கு 2009இல் நோபல் பரிசே கிடைத்தது. நாய்க்கு அது மனிதனைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வேகமாகக் குறைகிறது என்று 2012இல் வந்த ஆய்வு சொல்கிறது. நீளமான டெலோமியர் உள்ள ரகங்கள் சராசரியாக அதிக காலம் வாழ்வதும் அதில் தெரிந்தது. ஆனால் அது ரகத்தின் சராசரி. ஒரு குட்டியின் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டு, அது இத்தனை ஆண்டு இத்தனை மாதம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வுக்கூட எலிக்கு நம்மைவிட நீளமான டெலோமியர், ஆயுளோ இரண்டு மூன்று ஆண்டுதான்.

எனக்கு ஆறாத கோபம் இன்னொன்றில். ஆயுளைக் கூட்ட மாத்திரை விற்ற கைதான் வேகமாக வளர்க்கப் பவுடரும் விற்றது. இரண்டும் எதிர்த் திசை! பெரிய ரகங்கள் சீக்கிரம் மூப்படைவதற்கு அந்த அசுர வளர்ச்சியே ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள். அரைக் கிலோ சொச்சத்தில் பிறக்கும் டேன் ஒன்றரை வயதுக்குள் 50 கிலோவைத் தாண்டிவிடுகிறது. 48 லாப்ரடார்களை வைத்து நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை பாதிக்குப் பாதி 13 வயதைத் தொட்டன. மற்றவற்றில் பாதி 11 சொச்சத்திலேயே போய்விட்டன. மருத்துவர் சொன்னதும் அதுதான்: பெரிய ரகக் குட்டிக்கான தீவனம் போதும், தடவினால் விலா எலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு ஒல்லியாக வையுங்கள், தனியாகக் கால்சியம் வேண்டாம்.

யாராவது இந்தச் சோதனையை உங்களிடம் விற்க வந்தால், எந்த ஆய்வகம், எந்த முறை, எந்த நாய்களோடு ஒப்பிட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். என் சான்றிதழில் இந்த மூன்றும் இல்லை. ரசீதும் வாங்கிவிடுங்கள். நான் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்ததை வாங்கி வந்தேன், இப்போது நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க அதுதான் இடிக்கிறது. கடைக்காரர் போனை எடுப்பதில்லை.

பீமாவுக்கு 14 மாதம் ஆகிறது. வீக்கம் வடிந்துவிட்டது, படி ஏறுகிறான். இடது பாதம் மட்டும் இன்னும் வெளியே திரும்பித்தான் இருக்கிறது.