என் 1930 ஃபோர்டு மாடல் ஏ எஞ்சின் வேலை: பட்டறை எப்படி, பாகங்கள் எப்படி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் அடிப்பாக (கிராங்க், பேரிங், பிளாக்) வேலைக்கு இந்தப் பட்டறையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பட்டறைக்காரர் சொல்லும் தேதியை மட்டும் நம்பாதீர்கள். ஓஹாயோவில் ஒரு சின்ன ஊர், வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெரியவர், அவருக்கு ஒத்தாசையாக அவர் மருமகன், அவ்வளவுதான் ஆள்பலம். பெயரைப் போடவில்லை. இருக்கிற வேலையே முடியவில்லை, புதிதாக யாரையும் அனுப்பாதே என்று அவரே சொன்ன பிறகு நான் ஊரறியப் போட்டால் நன்றாக இருக்காது. ஆனால் பழைய நாலு சிலிண்டர் ஃபோர்டு எஞ்சினை இப்படி ஒருவரிடம் கொடுக்கப் போகிறவர்களுக்கு, எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

வண்டி 1930 மாடல் ஏ கூபே. எஞ்சின் கொள்ளளவு 200.5 கன அங்குலம், ஃபோர்டு சொன்ன கணக்கில் 2200 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2200 சுற்று) 40 குதிரைத்திறன், கம்ப்ரஷன், அதாவது கலவையைப் பிஸ்டன் அழுத்தும் விகிதம், 4.22:1. அன்றைய பெட்ரோலுக்கு அவ்வளவுதான் தாங்கும். இந்த எஞ்சினை வைத்துத்தான் 1930களில் கலிஃபோர்னியாப் பையன்கள் மூரோக் ஏரியின் காய்ந்த தரையில் பந்தயம் ஓட்டினார்கள். 1932இல் ஃபோர்டு 65 குதிரைத்திறன் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை இறக்கிய பிறகும் பலர் நாலு சிலிண்டரை விடவில்லை. காரணம் எளிது: வின்ஃபீல்டு ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி), வின்ஃபீல்டு கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ரைலி, க்ராகர் கம்பெனிகளின் பாகங்கள் என்று இதற்குத்தான் வேகப் பாகங்கள் கொட்டிக் கிடந்தன, வி8-க்கு அப்போது அவ்வளவு கிடையாது.

எனக்கும் அந்த ஆசைதான். இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர், மேல்வால்வு ஹெட் (வால்வுகள் ஹெட்டிலேயே இருக்கும் வகை), வேகத்துக்கென்று அரைத்த சூடான கேம், எடை இளைத்த ஃப்ளைவீல் (கிராங்க்கின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரம்) என்று ஒரு பட்டியல் எழுதி எடுத்துப் போனேன். பெரியவர் முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "கிராங்க் எது?" கிராங்க் என்றால் பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு. பழையதுதான் என்றேன். காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அந்தக் கிராங்க்கின் மேல் இதையெல்லாம் மாட்டினால் ஹெட் மிஞ்சும், கிராங்க் மிஞ்சாது" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மாடல் ஏ கிராங்க்குக்கு மூன்றே மூன்று மெயின் பேரிங் (அதைத் தாங்கும் முக்கியப் பேரிங்), ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் பகுதி) விட்டம் 1.625 அங்குலம், அதிர்வைச் சமன் செய்யும் எதிர் எடை கிடையாது. ஆர்பிஎம் ஏற ஏற அது நடுவில் வளையப் பார்க்கிறது, அந்த அடி முழுக்க நடு மெயினில் விழுகிறது. ஃபோர்டுக்கே இது தெரிந்திருக்க வேண்டும். 1932இல் வந்த மாடல் பி எஞ்சினில் மெயின் ஜர்னலை 2 அங்குலமாக்கி, மெயின்களுக்கு அழுத்தத்தோடு ஆயில் போக வைத்தார்கள், அதன் பின்னாளைய கிராங்க்குகளில் எதிர் எடையும் வந்துவிட்டது. ஏ எஞ்சினிலோ பம்ப் ஆயிலை வால்வு அறைக்கு ஏற்றிவிடும், அங்கிருந்து அது தன் பாட்டுக்கு மெயின்களுக்கு இறங்க வேண்டும். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட்களின் அடியில் இருக்கும் சின்னக் கரண்டி, ஆயில் பேனுக்கு (எஞ்சினின் அடிக் கிண்ணம்) மேலுள்ள தட்டில் தேங்கிய ஆயிலை ஒவ்வொரு சுற்றிலும் அள்ளிக்கொள்ளும். 45 மைல் வேகத்தில் ஊருக்குள் போய்வர இது தாராளம். பந்தய ஆசைக்குத்தான் போதாது.

எஞ்சின் பிளாக்கை (சிலிண்டர்கள் உள்ள வார்ப்பிரும்பு உடல்) அவர் எடுத்தவுடனே போரிங் மெஷினில் ஏற்றிவிடவில்லை, அதுவே எனக்குப் பிடித்தது. முதலில் கொதிக்கும் கார நீரில் போட்டு எடுத்தார். வாட்டர் ஜாக்கெட்டிலிருந்து துருவும் மண்ணுமாக ஒரு வாளி வந்தது. அதில் பாதி, பிளாக்கை வார்த்த நாளிலிருந்தே உள்ளே கிடந்த அச்சு மணல் என்றார். அப்புறம் விரிசல் தேடக் காந்தச் சோதனை. இந்தப் பிளாக்குகளில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் பக்கம் விரிசல் ஓடுவது சகஜம், எனக்கும் ஒன்று இருந்தது, தலைமுடி அகலம்தான். வெல்டிங் வைக்கவில்லை. விரிசல் நெடுக ஒன்றின் மேல் ஒன்று ஏறுமாறு துளை போட்டு, மரை வெட்டி, பின்களை முறுக்கி, தலையை வெட்டி, தட்டித் தேய்த்துவிட்டார். இது சூடே காட்டாமல் செய்கிற வேலை. வார்ப்பிரும்பில் சூடு காட்டினால் பக்கத்தில் இன்னொரு விரிசல் கிளம்புமோ என்ற பயம் எப்போதும் உண்டு. முடிந்த பிறகு விரலால் தடவிப் பார்த்தேன், இடமே பிடிபடவில்லை.

சிலிண்டரை 0.080 அங்குலம் கூட்டிப் போர் செய்ததில் கொள்ளளவு ஏறத்தாழ 209 கன அங்குலம் ஆகிவிட்டது. இது சக்திக்காகச் செய்ததல்ல, தேய்மானம் அவ்வளவு இருந்தது. வால்வு பக்கம் பழைய இரண்டு துண்டு கைடுகளை (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்) தூக்கிப் போட்டுவிட்டு ஒரே துண்டு கைடு, நேர்த்தண்டு வால்வு, எக்ஸாஸ்டுக்குக் கெட்டி சீட், திருகிச் சரிசெய்யும் டாப்பெட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் தள்ளி). இதில் யோசிக்கவே வேண்டாம், போட்டுவிடுங்கள். பழைய காளான் அடி வால்வுகளில் இடைவெளி வைக்க வேண்டுமென்றால் தண்டின் நுனியையே அரைக்க வேண்டும், கொஞ்சம் கூடுதலாக அரைத்துவிட்டால் அந்த வால்வு குப்பைக்குத்தான்.

இனி பேபிட்டா இன்சர்ட்டா. மாடல் ஏ ஆட்கள் நாலு பேர் கூடினால் முடியாத சண்டை இது. பேபிட் என்றால் பெரும்பகுதி வெள்ளீயத்தோடு செம்பும் ஆண்டிமணியும் கலந்து உருக்கிப் பிளாக்கிலேயே ஊற்றி, பிறகு லைன் போரிங் செய்து (எல்லா மெயின்களையும் ஒரே நேர்கோட்டில் கடைந்து) எடுக்கும் பேரிங். இன்சர்ட் என்பது இன்றைய கார்களில் இருக்கும் மெல்லிய ஓடு. அதற்கு இடம் வெட்டிப் பிளாக்கை மாற்ற வேண்டும், சேர்த்து அழுத்த ஆயிலும் ஃபில்டரும் கொடுத்தால்தான் அந்தச் செலவுக்கு அர்த்தம். பெரியவர் இரண்டும் செய்வார், ஆனால் என் உபயோகத்தைக் கேட்டுவிட்டு பேபிட் போதும் என்றார். அவருக்கு இன்சர்ட்டில்தான் கூலி அதிகம், அதை நினைவில் வையுங்கள். பேபிட்டின் நல்ல குணம், அதன் மென்மை. தூசி துரும்பு வந்தால் தனக்குள் புதைத்துக்கொள்ளும், கிராங்க்கைக் கீறாது. ஃபில்டரே இல்லாத எஞ்சினுக்கு இது சின்ன விஷயமில்லை. கெட்ட குணம், போய்விட்டால் மறுபடி ஊற்றத் தெரிந்த ஆளைத் தேடிப் போக வேண்டும், அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டுவேன், 3000 ஆர்பிஎம் தாண்டுவேன் என்பவர்கள் இன்சர்ட் பக்கமே போங்கள், என் வேலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஊற்றிய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. மெயின் மூடியைக் கழற்றி, ஜர்னல் மேல் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து, டைட் செய்து, திரும்பக் கழற்றி நசுங்கிய அகலத்தை அளந்து காட்டினார். மூன்று மெயினிலும் இடைவெளி ஆயிரத்தில் ஒன்றரை அங்குலம். இழை நெடுக ஒரே அகலம், ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து இல்லை. லைன் போரிங் கோணலாக இருந்தால் இங்கே தெரிந்துவிடும். நீங்கள் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள், முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

பழைய கிராங்க்குக்கு எதிர் எடை வைத்து, ராடையும் பிஸ்டனையும் ஒன்றோடொன்று எடை பொருத்தி, ஃப்ளைவீல் கிளட்ச் எல்லாம் சேர்த்து பேலன்ஸ் செய்தார். ஃப்ளைவீல் மட்டுமே 60 பவுண்டுக்கு மேல் இருந்தது, கணிசமாகக் கடைந்து இறக்கினார். மொத்தச் செலவில் எனக்கு மிகத் திருப்தி தந்தது இதுதான். முன்பு 45-ஐத் தொட்டதும் ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் ஏறும், பல் கூசும். இப்போது அது இல்லவே இல்லை. ஃப்ளைவீல் இளைத்ததால் கால் எடுத்தவுடன் ஆர்பிஎம் சட்டென்று இறங்குகிறது, சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைத் தானே பொருத்தும் அமைப்பு) இல்லாத கியர்பாக்ஸில் மாற்றுவது சுலபமாகிவிட்டது.

என் பட்டியலிலிருந்த மேல்வால்வு ஹெட்டுக்குப் பதிலாக அவர் அனுமதித்தது 6:1 கம்ப்ரஷன் இரும்பு ஹெட். சில நூறு டாலர்தான், பழையதைக் கழற்றிவிட்டு அதே 14 ஸ்டடில் உட்கார்ந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கொடுத்த காசுக்கு இவ்வளவு இழுவை தரும் பாகம் இந்த எஞ்சினுக்கு வேறு கிடையாது என்று நினைக்கிறேன். முன்பு இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறிய மேட்டை இப்போது டாப்பிலேயே ஏறுகிறது. 87 ஆக்டேன் போதும், தட்டவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கம்ப்ரஷன் கூடினால் கலவை வேகமாக எரியும், ஆகவே ஸ்டியரிங் பக்கத்து ஸ்பார்க் லீவரை (தீப்பொறி நேரத்தை முன்பின் நகர்த்தும் கைப்பிடி) பழைய பழக்கத்தில் அடிவரை இழுக்கக் கூடாது. ஸ்டார்ட் செய்யும்போது லீவர் கட்டாயம் மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் திருப்பி அடித்து ஸ்டார்ட்டரின் பெண்டிக்ஸ் ஸ்பிரிங் போய்விடும். ஹெட் நட்டுகளை 55 அடி-பவுண்டில் டைட் செய்து, சூடாக்கி, ஆறவிட்டு மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

கார்புரேட்டரில் மட்டும் அவர் பேச்சை நான் முழுசாகக் கேட்கவில்லை. இரண்டு ஸ்ட்ராம்பெர்க்கை விட்டுவிட்டு ஒரே ஒரு 97-ஐ மேலிருந்து இறங்கும் மேனிஃபோல்டில் போட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆகா ஓகோ என்று சொல்ல மாட்டேன். பிளாக்கின் இன்டேக் வழிகள் இரண்டுதான், 1-2க்கு ஒன்று, 3-4க்கு ஒன்று. ஃபயரிங் ஆர்டர் 1-2-4-3 என்பதால் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் அடுத்தடுத்து ஒரே வழியில் இழுக்கின்றன, இதில் எத்தனை கார்புரேட்டர் வைத்தாலும் ஒரு எல்லை உண்டு. போதாததற்கு பெட்ரோல் டாங்க் டேஷ்போர்டுக்கு முன்னால், பெட்ரோல் தானாக இறங்கும் அமைப்பு. கார்புரேட்டரை மேலே தூக்கி வைத்தால் டாங்க் குறையும்போது பெட்ரோல் வராது, குறைந்த அழுத்த எலெக்ட்ரிக் பம்ப் ஒன்று தேவை. 97 அதிக அழுத்தம் தாங்காது, பொங்கி வழியும். இவ்வளவு செலவுக்கும் வேலைக்கும் கிடைத்த பலன், ஹெட் கொடுத்ததில் கால்வாசி இருக்கும். அழகுக்கு வேண்டுமானால் போடலாம்.

கேம் லேசானதுதான், டூரிங்குக்கு அரைத்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஐடிலிங் கெடவில்லை.

குறைகளுக்கு வருவோம். வசந்தத்தில் தருகிறேன் என்ற எஞ்சின் இலையுதிர் காலத்தில்தான் வந்தது. ஃபோனை எடுக்க மாட்டார், மெயில் என்ற ஒன்று இருப்பதே மருமகனுக்கு மட்டும்தான் தெரியும். அளவுகளை எழுதித் தரும் வழக்கமும் இல்லை. போர் எவ்வளவு, ஜர்னல் எவ்வளவு, எந்த இடைவெளி என்று நான் கேட்டுக் கேட்டு ஒரு அட்டைப்பெட்டி மூடியில் பென்சிலால் எழுதி வாங்கினேன். இவ்வளவு துல்லியமாக வேலை செய்கிறவர் அதை ஒரு தாளில் எழுத ஏன் இவ்வளவு சோம்பல்படுகிறார் என்று புரியவே இல்லை. அடுத்தவர் இந்த எஞ்சினைத் திறக்கும்போது அந்த அட்டைதான் ஆதாரம்.

அப்புறம் ஆயில் கசிவு. மாடல் ஏ பின் மெயினில் சீல் கிடையாது, ஆயிலை எறிந்துவிடும் ஒரு வளையமும் அதைப் பேனுக்குத் திருப்பும் ஒரு சின்னக் குழாயும்தான். ஆகவே நாலு சொட்டு விழுவது பிறவிக்குணம், அதைக் குறையாகச் சொல்லவில்லை. என் வண்டி ஒரு சின்னக் குளமே கட்டியது. சேதி போனதும் பெரியவர் தானே வண்டி ஏறி வந்துவிட்டார் (ஃபோனை எடுக்காத மனிதர்!). என் கராஜிலேயே பேனை இறக்கி, பின் மூடியின் குழாயில் ஒரு கம்பியை விட்டார். கெட்டிப்பட்ட சீலன்ட் ஒரு உருண்டை வெளியே விழுந்தது. தங்கள் தவறுதான் என்று ஒப்புக்கொண்டு, கேஸ்கெட்டுக்குக்கூடக் காசு வாங்காமல் போனார். தவறு நடந்ததற்கு ஒரு நட்சத்திரம் குறைக்கலாம், அதைச் சரிசெய்த விதத்துக்கு அந்த நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஹெட், கார்புரேட்டர் தவிர்த்து, வேலைக் கூலியும் உள் பாகங்களுமாக 6000 டாலரைத் தாண்டிவிட்டது. சிக்காகோவில் இருக்கும் நண்பன் "அண்ணா, இந்தக் காசுக்கு ஓடுகிற வண்டியே வாங்கியிருக்கலாமே" என்றான். வாங்கலாம், அந்த வண்டியின் பேபிட் என்ன நிலையில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இப்போது 55 மைலில் நிம்மதியாகப் போகிறேன். 3.78 கியர் விகிதமுள்ள பின் ஆக்ஸிலோடு அது ஏறத்தாழ 2500 ஆர்பிஎம், இந்தக் கட்டமைப்புக்கு அதற்கு மேல் நான் கேட்க மாட்டேன். பிரேக் நாலு சக்கரத்திலும் கம்பியால் இழுக்கும் மெக்கானிக்கல் டிரம் என்பதையும் மறக்கக் கூடாது. சக்தி கூட்டுவதற்கு முன் டிரம்மையும் லைனிங்கையும் செய்துவிடுங்கள்.

பிளாக்கை எங்கே அனுப்பினாலும் மெயின் மூடிகளை அதனதன் இடத்தில், ஷிம்களோடு (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடுகள்), போல்ட் போட்டே அனுப்புங்கள். தனியாகப் பையில் போட்டுக் கொடுத்தால் எது எதற்கு என்று தேடுவதற்கே கூலி கேட்பார்கள். பிளாக்கின் இடப்பக்கம் தண்ணீர் நுழையும் இடத்துக்கு மேலே எஞ்சின் நம்பர் குத்தியிருக்கும். பல மாநிலங்களில் மாடல் ஏ டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) அந்த நம்பரில்தான் இருக்கிறது. சுத்தம் செய்கிறேன் என்று மணல் அடித்து அதை மங்கவைத்துவிட்டால் பிறகு வண்டி விற்கும்போது டிஎம்வி (வண்டிப் பதிவு அலுவலகம்) கவுன்ட்டரில் நீங்கள்தான் நிற்க வேண்டும். அனுப்புவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அதன் மேல் கெட்டியாக டேப் ஒட்டி, "தொடாதே" என்று எழுதி அனுப்புங்கள்.