மீன் கரைசலுக்கு 50 லிட்டர் குழாய் டிரம் வாங்கலாமா?

மீன் கழிவை வெல்லத்தோடு நொதிக்க வைத்து எடுக்கும் திரவ உரம்தான் மீன் கரைசல். திரவ உரத் தொகுப்பு என்று கடையில் கிடைப்பது இதுதான்: 50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், அடியில் அரை அங்குலக் குழாய், உள்ளே சல்லடைத் தட்டு, இரும்பு வளையம் பூட்டும் மூடி, ஒரு பொட்டலம் நுண்ணுயிர்த் தூள்.

டிரம் கெட்டியானது. காய்கறி, பழக் கழிவுக்குக் குழாயும் தட்டும் போதும். குளச்சல், சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகங்களில் மீன் கழிவு அள்ளி வந்து போடுகிறவர்களுக்குத்தான் சிக்கல். சாளை (மத்தி) மீனின் செதிலும் முள்ளும் தட்டின் துளைகளை அடைக்கும், மிச்சம் குழாய்க்குள் இறுகும். முக்கால் அங்குலப் பந்து வால்வு (ball valve) மாற்றி, தட்டின் மேல் நைலான் கொசுவலையை இரண்டு மடிப்பாக விரித்தால் கரைசல் தடையில்லாமல் இறங்கும்.

மூடியை இறுகப் பூட்டவே கூடாது. நொதிக்கும்போது வாயு கிளம்பி டிரம் உப்பும். மூடியில் நான்கு துளை போட்டு வலை ஒட்டுங்கள், ஈயும் புழுவும் வராது. நம் கடற்கரைக் காற்றில் இரும்பு வளையம் சீக்கிரம் துருப்பிடிக்கும், கயிறே மேல்.

நுண்ணுயிர்த் தூள் மீனுக்குத் தேவையில்லை. குடலில் உள்ள நொதிகளே சதையைக் கரைத்துவிடும். அந்தக் காசை வெல்லத்தில் போடலாம், ஏனென்றால் கரைசல் தேறுவதும் கெடுவதும் வெல்லத்தால்தான். கழிவும் வெல்லமும் எடைக்கு எடை சமம்: 15 கிலோவுக்கு 15 கிலோ. இந்த டிரம்மில் அதற்கு மேல் வேண்டாம், பொங்கி வழிய இடம் வேண்டும். செலவைக் குறைக்க வெல்லத்தைப் பாதியாக்கினால் அழுகல் கிருமி முந்திக்கொள்ளும், அந்த நாற்றம் பிறகு போகாது. கனிந்த மட்டி வாழைப்பழம் கூடுதலாகச் சேர்க்கலாம், வெல்லத்துக்கு ஈடாக அல்ல. உப்புப் போட்ட மீனும் கருவாட்டுக் கழிவும் ஆகாது. தண்ணீர் ஊற்றவே வேண்டாம். மழைநீரும் உள்ளே போகாத நிழலில் வையுங்கள்.

21 நாள் முதல் 40 நாளுக்குள் கவிச்சை மாறி, புளித்த பழ வாசம் வரும். மேலே மிதக்கும் எண்ணெயை வழித்துவிட்டுப் பருத்தித் துணியில் இருமுறை வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் தெளிப்பானின் முனை அடைபடும். இலைக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, மாலையில் மட்டும். அளவு கூடினால் இலை ஓரம் கருகும். ஏத்தன் (நேந்திரன்) வாழை மூட்டில், அதாவது அடியில், ஊற்ற லிட்டருக்கு 10 மில்லி. மிஞ்சும் முள்ளைத் தென்னை மூட்டில் ஆழப் புதைத்துவிடுங்கள், நாய் தோண்டாது.

தூள் இல்லாமல் விலை குறைத்துத் தந்தால் வாங்கலாம். இல்லையென்றால் உணவுப்பொருள் வந்த பழைய அகலவாய் டிரம்மும் ஒரு வால்வும் தனியாக வாங்குவதே லாபம்.