லிட்டில் நீமோ: முழுத் தொகுப்பா, முழு அளவா?

நீமோ என்ற சிறுவனின் கனவுகளைச் சொல்லும் வின்சர் மெக்கேயின் சித்திரத் தொடர் 'லிட்டில் நீமோ', 1905 அக்டோபர் 15 அன்று நியூயார்க் ஹெரால்டு நாளிதழில் ஞாயிறு பக்கமாகத் தொடங்கியது. 1911-இல் மெக்கே பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டின் இதழ்களுக்கு மாறியபின் வேறு தலைப்பில் 1914 வரை ஓடியது. 1924 முதல் 1926 வரை இன்னொரு சுற்று. எல்லாம் சேர்ந்து 549 பக்கங்கள்.

இன்று வாங்க நினைப்பவர் முன் முக்கியமாக இருப்பவை நான்கு வகை. 2014-இல் டாஷன் வெளியிட்ட ஒரே பெரிய தொகுப்பு: 549 பக்கங்களும் வண்ணத்தில், 34.4 x 44 செ.மீ. அடுத்து சன்டே பிரஸ் 2005-இலும் 2008-இலும் கொண்டுவந்த இரண்டு தேர்வுத் தொகுப்புகள்: 16 x 21 அங்குலம், அதாவது பத்திரிகையில் வந்த அதே அளவு. பழைய ஃபான்டாகிராஃபிக்ஸ் வரிசை ஆறு பாகம், கையில் பிடித்துப் படிக்கலாம், ஆனால் 1914-உடன் முடிந்துவிடும். கடைசியாக, காப்புரிமை காலாவதியானதால் யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கும் மலிவுப் பதிப்புகள்.

என் சாய்வு சன்டே பிரஸ் பக்கம். அதன் இரண்டு புத்தகங்களையும் சேர்த்தாலும் 549-இல் பாதிகூடத் தேறாது என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

காரணம் அளவு. மற்றப் பத்திரிகைத் தொடர்களில் கட்டம் கட்டமாகப் படிக்கிறோம். சுருக்கினாலும் நகைச்சுவை கெடாது. மெக்கே பக்கத்தையே ஒரு படமாக அமைத்தவர். இரண்டாவது வாரத்திலேயே, 1905 அக்டோபர் 22 பக்கத்தில், காளான் காடு உயர உயரக் கட்டங்களும் உயரமாகின்றன. 1908 ஜூலை 26-இல் வந்த நடக்கும் கட்டில் பக்கமும் அப்படித்தான்: கால்கள் நீண்டு கட்டில் வீடுகளைத் தாண்டி நடக்கும்போது கட்டமும் அதனோடு சேர்ந்து நீள்கிறது. அந்த உயரத்தைக் கண் மேலிருந்து கீழே பயணம் செய்து உணர வேண்டும். பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கினால் பயணமே இல்லை, ஒரே பார்வையில் முடிந்துவிடும்.

கணக்காகப் பார்க்கலாம். சன்டே பிரஸ் பக்கத்தின் பரப்பு 336 சதுர அங்குலம். டாஷன் சுமார் 234, அதாவது 70 சதவீதம். 10 x 13 அங்குலப் புத்தகமானால் 40 சதவீதம்கூட இல்லை. படம் இதைத் தாங்கிக்கொள்ளும், எழுத்து தாங்காது. மெக்கேயின் பேச்சுக் குமிழ்கள் அசலிலேயே நெருக்கடியானவை. இடம் போதாமல் சொற்களைத் திணித்திருப்பார். போதாக்குறைக்கு, தொடக்க மாதப் பக்கங்களில் கட்டங்களுக்கு அடியில் விளக்க வரிகளும் ஓடுகின்றன. அசலில் 3 மி.மீ. உயரமுள்ள எழுத்து டாஷனில் சுமார் 2.5 மி.மீ. ஆகும், 13 அங்குல உயரப் பக்கத்தில் 1.9 மி.மீ.க்கும் கீழே போய்விடும். முதலாவதைப் படித்துவிடலாம். இரண்டாவதற்குப் பூதக்கண்ணாடி வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மலிவுப் பதிப்புகள் விழுவதும் இந்த இடத்தில்தான். அவை பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும் ஸ்கேன்களிலிருந்து செய்தவை. பழைய பத்திரிகை வண்ணம் நுண்புள்ளிகளால் ஆனது. அதை அப்படியே ஸ்கேன் செய்து இன்னொரு முறை புள்ளியாக்கி அச்சிட்டால் இரண்டு புள்ளி வரிசைகளும் மோதி, வானத்திலும் சுவரிலும் பட்டுத்துணி அலை போன்ற கோலம் தெரியும். அதை மறைக்கப் படத்தை மங்கலாக்குவார்கள், எழுத்தும் சேர்ந்து மங்கும். இன்னொரு குறை, பழுப்பேறிய தாளை வெள்ளையாக்கும் ஆசை. வெளுக்க வெளுக்க வெளிர் ரோஜாவும் வெளிர் மஞ்சளும் கரைந்து, முகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். வாங்கும் முன் மாதிரிப் பக்கத்தில் கட்டங்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். அது பளீர் வெள்ளையாக இருந்து முகங்களில் நிறமே இல்லையென்றால் தள்ளிவிடலாம். நல்ல மறுபதிப்பில் அந்த இடம் லேசான தாள் நிறத்தில் இருக்கும்.

டாஷனுக்கு நியாயம் செய்யவேண்டும். தொடர்கதையாகப் படிக்க அதுதான் சரி. நீமோ இளவரசியைத் தேடிப் போகும் பயணம் வாரக்கணக்கில் நீள்வது. தேர்வுத் தொகுப்பில் இடையிடையே அறுந்துபோகும். ஒவ்வொரு பக்கத்தின் கடைக் கட்டத்திலும் நீமோ விழித்துக்கொள்வதால் தனிப் பக்கமாகவும் படித்துவிட முடிகிறது, அது ஒன்றுதான் ஆறுதல். 1924-26 பக்கங்கள் வேண்டுமென்றாலும் டாஷன்தான். ஆனால் அந்தக் காலத்தில் மெக்கே பெரும்பாலும் ஒரே அளவுக் கட்டங்களுக்கு வந்துவிட்டார். அவற்றுக்காக மட்டும் செலவு செய்யத் தேவையில்லை என்று தோன்றுகிறது. ஆய்வு செய்பவர்கள் மாறுபடக்கூடும்.

பெரிய புத்தகத்தின் தொல்லைகளும் பெரியவை. சன்டே பிரஸ் விரித்தால் 32 அங்குல அகலம். மடியில் வைத்துப் படிக்க வழியே இல்லை, சாப்பாட்டு மேசையோ தரையோதான். சாதாரண அலமாரித் தட்டின் ஆழம் 30 செ.மீ. அளவில் இருக்கும், டாஷன்கூட முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். நிமிர்த்தி வைத்தால் உள்தாள் கட்டின் எடை கீழ்நோக்கி இழுத்து, அட்டையும் கட்டும் சேரும் கீல் சில வருடங்களில் விட்டுக்கொடுக்கும். படுக்க வைக்கவேண்டும், மேலே வேறு எதையும் அடுக்காமல். பக்கத்தைத் திருப்பும்போது கீழ் மூலையைப் பிடித்து இழுத்தால் முதுகோரம் சுருக்கம் விழும். மேல் மூலையில் ஒரு கை, நடுவில் ஒரு கை.

பழைய பிரதி வாங்குவோர் விற்பவரிடம் மூன்று படம் கேட்டு வாங்குங்கள்: நான்கு மூலைகளும் தெரியும்படி ஒன்று, முன் அட்டையைத் திறந்து உள் கீல் தெரியும்படி ஒன்று, முதுகை மேலிருந்து எடுத்தது ஒன்று. இந்த எடையுள்ள புத்தகம் தபாலில் ஒருமுறை மூலை குத்தி விழுந்தால் போதும், உள்ளே இருபது முப்பது தாள்கள் வரை மடிந்திருக்கும். பெட்டிக்குள் நாலு பக்கமும் இரண்டு அங்குலமாவது பஞ்சோ அட்டையோ திணித்து அனுப்பச் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்காக வாங்குபவர்களுக்கு ஒன்று. இம்ப் என்ற காட்டுச் சிறுவன் பாத்திரம் அக்கால இனக் கேலிச்சித்திர வழக்கில் வரையப்பட்டது. முழுத் தொகுப்பில் அவன் நிறைய வருவான். பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவது நல்லது.