ஏழு ஆண்டுகள், ஒரு குளிர்பெட்டி, கொஞ்சம் களிம்பு

குளிர்பெட்டிக்குப் புது ஒயர் இழுத்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். விரலில் இன்னும் செம்பில் பிடித்த களிம்பின் வாடை போகவில்லை. நீண்ட பயணத்துக்கு உணவு ஏற்றிச் செல்லப் பாய்மரப் படகில் குளிர்பெட்டி வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஏழு ஆண்டுகள் வைத்திருப்பவன் என்ற முறையில் நியாயமாகவே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

12 வோல்ட் கம்ப்ரசர் ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை. ஓடும்போது ஐந்து ஆம்பியர்கூட இழுக்காது. நாளொன்றுக்கு மின்செலவு ஏறக்குறைய 45 ஆம்பியர் மணி. நல்ல வெயில் அடித்தால் சோலார் பலகைகளே அதை ஈடுகட்டிவிடும். மூடி மேல்பக்கம் இருப்பதால், திறந்தவுடன் குளிர்காற்று வெளியே கொட்டிப்போவதில்லை. படகு எவ்வளவு சாய்ந்தாலும் பால் காலடியில் வந்து விழாது.

அந்த மேல்மூடிதான் என் ஏழாண்டு எரிச்சலும். பெட்டி என்று பெயர், உண்மையில் அது கிணறு. எது வேண்டுமோ அது அடியில்தான் கிடக்கும். மேலே இருப்பதை எடுத்து வைக்கலாம் என்றால் சாய்ந்த படகில் எங்கே வைப்பது? வெண்ணெயை முழங்கையால் அணைத்து, பால் குப்பியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, தலையை உள்ளே விட்டுத் துழாவும் நேரம் பார்த்துத்தான் ஓர் அலை வந்து மோதும். அடியில் எப்போதும் விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். தப்பி விழுந்த காரட் அதிலேயே ஊறிக் கூழாகும். கூடைகள் அடுக்கிப் பார்த்தேன். எந்தக் கூடையில் என்ன என்று பட்டியல் எழுதி மூடியில் ஒட்டினேன். பட்டியலும் நனைந்து அந்தத் தண்ணீரில்தான் போய்ச் சேர்ந்தது.

போன பயணத்தில், கரையை விட்ட ஆறாம் நாள் பெட்டி நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு ஒவ்வொரு முறையும் ஒற்றையாக மின்னியது. மின்னழுத்தம் போதவில்லை என்று அதற்குப் பொருள். பேட்டரியிலோ 12.6 வோல்ட் இருந்தது. பேட்டரியையே சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணாக்கினேன். கரை சேர்ந்ததும் வந்து பார்த்த பழுதுக்காரர் கம்ப்ரசரையே மாற்றச் சொன்னார். மனம் ஒப்பாமல் நானே மீட்டரைப் பிடித்தேன்: கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதன் முனையில் 10 வோல்ட்டுக்கும் கீழே. ஒயர் இணைப்பைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு. மின்னழுத்தம் விழுந்தது அங்கேதான்.

இடையில் பதினெட்டு நாள் குளிர்பெட்டி இல்லாமல் சாப்பிட்டோம். முதல் இரண்டு நாள் இறைச்சியைத் தீர்க்கும் விருந்து, மிஞ்சியது கடலுக்கு. அதன் பிறகு நடந்ததுதான் எனக்கே வியப்பு. முட்டைகளைக் கழுவாமல் வாங்கி ஏற்றியிருந்தேன். ஓட்டின் மேல் இயற்கையாக உள்ள மெல்லிய பூச்சு கழுவினால் போய்விடும். அது இருந்தால் குளிர் இல்லாமலே வாரக்கணக்கில் தாங்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தலைகீழாகத் திருப்பி வைத்தேன். சந்தேகம் வந்தவற்றைத் தண்ணீரில் போட்டுப் பார்த்ததில், மிதந்தது ஒன்றே ஒன்று. வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒன்றையொன்று கெடுக்காதபடி படகின் இரு ஓரங்களில் இருந்தன. எலுமிச்சைகள் வலைத் தொட்டிலில் ஆடிக்கொண்டே வந்தன. மரத்தில் இடித்து நசுங்கியது எதுவுமில்லை.

முட்டைக்கோஸைக் கத்தி படாமல் வெளி இலையாக உரித்து எடுத்துவந்தோம். இருபத்து மூன்றாம் நாள் மேல் இலை பழுப்புக் காகிதம் போலிருந்தது. அதற்கடியில் இருந்ததை உடைத்தபோது நறுக்கென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சுக்கானில் இருந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார்!

ஆக, இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. மின்செலவு சொன்னபடி, குளிர் சொன்னபடி. குற்றம் ஒயரில், அதைப் போட்டவன் நான். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். அந்தப் பணத்தில் பெரிய வலைத் தொட்டில் இரண்டு கட்டுங்கள், முட்டைத் தட்டுகளைக் கூட்டுங்கள்.

கேட்க மாட்டார், தெரியும். வாங்கினால் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயராகப் போடச் சொல்லுங்கள், கையேடு சொல்வதைவிட ஒரு படி தடிமனாக.