மட்டக்களப்பில் ஒரு மரவீடு: வடிவமைப்புச் சேவை பற்றிய மதிப்பீடு

கல்லடியில் எங்கள் குடும்பத்துக்காக மரவீடொன்றை வரைந்து தந்து, கட்டி முடியும் வரை மேற்பார்வையும் செய்த உள்ளூர் வடிவமைப்பு அலுவலகத்தின் பணியை, ஒரு மாரியும், கச்சான் எனப்படும் வெப்பமான தென்மேற்குக் காற்று வீசும் ஒரு காலமும் அந்த வீட்டில் வாழ்ந்த பின்னர் எழுதுகிறேன். வெயிலையும் காற்றையும் மழையையும் அவர்கள் கணக்கிலெடுத்த விதம் மிகச் சிறப்பானது. மரத்தை உலர்த்தும் விடயத்தில் மட்டும் அவர்களுடைய ஒப்பந்தம் போதுமானதாக இருக்கவில்லை.

மட்டக்களப்பில் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், வீட்டை முதலில் சூடாக்குவது கூரையே. அடுத்தது கிழக்கு, மேற்குச் சுவர்கள். இதனை முதற் சந்திப்பிலேயே விளக்கிய வடிவமைப்பாளர், வீட்டின் நீண்ட பக்கங்களை வடக்கும் தெற்குமாக வைத்து, மேற்கில் களஞ்சிய அறையையும் குளியலறையையும் நிறுத்தினார். கச்சான் அனல் முதலில் அவற்றின் மீதே படுகிறது. பிற்பகற் கடற்காற்று வடக்கு யன்னல்களால் நுழைந்து, தெற்கு விறாந்தை வழியாக வெளியேறுகிறது. ஓட்டின் கீழே காற்று இடைவெளி விட்டு அலுமினியத் தாள் விரித்து, முகட்டில் வெப்பம் வெளியேறத் திறப்பும் வைத்திருக்கிறார்கள். சீமெந்துக் கல் சுவர் பகல் முழுதும் உறிஞ்சிய வெப்பத்தை இரவில் அறைக்குள் விடும். மெல்லிய மரச்சுவரோ பொழுது சாய்ந்த சிறிது நேரத்திலேயே ஆறிவிடும். குளிரூட்டி இல்லாமல், மின்விசிறியுடன் பிள்ளைகள் நிம்மதியாக உறங்குகிறார்கள் என்பதே எனக்குப் பெரிது.

மரவீடு என்றதும் உறவினர்கள் கேட்ட முதற் கேள்வி கறையான் பற்றியது. நிலத்துக்கு மேலே உயர்த்திய கொங்கிரீட் தூண்களின் தலையில் துருப்பிடிக்காத தகட்டு மூடி வைத்து, அதன் மேலேயே மரச்சட்டங்களை நிறுத்தியிருக்கிறார்கள். தகடு கறையானைக் கொல்வதில்லை. அது மண்பாதையை வெளியே கட்டும்படி செய்வதால், வந்தால் கண்ணில் படும். சட்டங்களுக்குப் போரக்ஸ் கலவையும் பூசப்பட்டுள்ளது. வாடை மழை சுவரில் அடிக்காதபடி தாழ்வாரம் 4 அடி நீண்டிருக்கிறது. இவ்வளவு நீண்ட தாழ்வாரத்தைப் புயற்காற்று கீழிருந்து தூக்கக்கூடும் என்பதால், முகட்டு வளை முதல் அத்திவாரம் வரை ஒவ்வொரு இணைப்பையும் இரும்புப் பட்டியால் பிணைத்திருக்கிறார்கள். 1978 நவம்பர் சூறாவளியில் கூரைகள் பறந்ததைக் கண்ட தலைமுறை இன்னும் வாழும் ஊரில், இந்தப் பட்டிகளை மிகைச் செலவு என்று நான் கருதமாட்டேன். கடலுப்பு அரிக்காதபடி ஆணிகளும் நாகம் பூசியவையே.

தேக்கு அரச மரக் கூட்டுத்தாபனத்திலிருந்து உரிய அனுமதிப்பத்திரத்துடன் வந்தது. கைமரங்களுக்கு வைரம் பாய்ந்த பனை. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரிமம் ஆகையால், நீண்ட காலம் நிற்கும் மரவீடு அந்தக் கரிமத்தைத் தன்னுள்ளே வைத்திருக்கிறது. ஆனால் எங்கிருந்து வெட்டப்பட்டது என்பது தெரியாத மரத்துக்கு இந்தப் பெருமை பொருந்தாது. அதனை அவர்கள் வலியுறுத்தியது எனக்குப் பிடித்திருந்தது.

குறை இதுதான். சுவர்ப் பலகைகளை அறுத்துத் தந்த தனியார் மரஆலை, அவற்றைப் போதிய அளவு உலர்த்தவில்லை. ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும் வாய்ப்பு உண்டு. அதற்குக் கீழே இறங்கும்போது பலகை சுருங்கும். கச்சான் தொடங்கியதும் சில பலகைகளுக்கிடையே வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. அலுவலகம் தச்சரை அனுப்பி மேலதிகக் கட்டணமின்றித் திருத்தித் தந்தது. எனினும் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஈரப்பதம் எவ்வளவு, அதனை யார், எப்போது அளக்க வேண்டும் என்பவை ஒப்பந்தத்திலேயே இருந்திருக்க வேண்டும். இனி இவர்களிடம் செல்பவர்கள் முற்பணம் செலுத்தும் முன்னரே அதனை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கட்டணம் வழக்கமான வரைபடக்காரர்களுடையதை விட அதிகம். இருந்தும் பொருத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனிப்படமும், எந்த மாதத்தில் எதனைத் துடைத்து எண்ணெய் பூசிச் சரிபார்க்க வேண்டும் என்ற பராமரிப்பு அட்டவணையும் தருவதால், அந்தத் தொகை நியாயமானதே.