வீட்டுத் தொழுவமா, ஊர்க் கூட்டுத் தொழுவமா?

இந்தோனேசியாவில், யோக்யகர்த்தா நகருக்குப் பக்கத்து ஜாவா கிராமங்களில் பெரும்பாலும் பாலுக்காக மாடு வளர்ப்பதில்லை. அது சேமிப்பு; பள்ளிக் கட்டணம், கல்யாணம் என்று வந்தால் விற்கிற சொத்து. அதை எங்கே கட்டுவது என்று யோசிக்காமல் முடியாது: வீட்டை ஒட்டியா, பல குடும்பங்களின் மாடுகளை ஒன்றாகக் கட்டும் கூட்டுத் தொழுவத்திலா?

திருட்டு
வீட்டில்: மாடு சுவருக்கு அந்தப் பக்கம்தான். கயிறு இழுபட்டாலே தூக்கம் கலையும். ஆனால் காவலுக்கு ஒரே குடும்பம்.
கூட்டில்: முறைவைத்து 'ரொண்டா' என்கிற இரவுக் காவல். ஆபத்தென்றால் குடைந்த மரமோ மூங்கிலோ ஆன கென்தோங்கானை இடைவிடாமல் வேகமாக அடிப்பார்கள். அந்த அடிக்கு 'தீதிர்' என்று பெயர். கேட்டவர்கள் எழுந்து ஓடி வருவார்கள். என் கணக்கில் இதுவே பெரிய பலம்.

சுகாதாரம்
வீட்டில்: கொசு விரட்டப் போடும் மூட்டத்தின் புகை குழந்தைகள் படுக்கும் இடம்வரை வரும்.
கூட்டில்: புகையும் சாணமும் தள்ளியே இருக்கும். ஆனால் 2022-இல் நாட்டில் பரவிய கோமாரி மாதிரி நோய் வந்தால், ஒரு மாட்டிலிருந்து அடுத்ததற்குத் தொற்றுவது சுலபம்.

உழைப்பு
வீட்டில்: புல்லுக்கட்டை வாசலில் இறக்கினால் போதும்.
கூட்டில்: தினமும் நடை.

மெராபி எரிமலைச் சரிவில் இன்னொன்றும் உண்டு. 2010 வெடிப்பில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். முகாமுக்கு வந்த பிறகும் மாட்டுக்குப் புல் போட மேலே ஏறிப் போனவர்கள் பலர். அங்கே கீழே, பாதுகாப்பான இடத்தில் உள்ள கூட்டுத் தொழுவம்தான் சரி.

நடக்க முடியாத முதியவர், ஒரே ஒரு மாடு, சமவெளி ஊர் என்றால் வீட்டிலேயே கட்டலாம். மூட்டத்தை மட்டும் தள்ளிப் போடுங்கள்.